ரெண்டு கதவுக்கு நடுவுல

— அந்தக் கதவுகிட்ட மட்டும் நாற்காலி போடாதே மாடத்தி. இப்படி முன்னாடி கொண்டா. அதுவும் நீ எதுக்குத் தூக்கறே? நாலு மணிக்கு நீ எங்க பெண்கள் சங்கத்துக்குத் தலைவி. சுடலைமாடத்தின்னு நோட்டீஸ்ல கொட்டை எழுத்துல போட்டாச்சு.

— தலைவின்னா நாற்காலி தூக்கப்படாதா மாமி? தம்பானூர் லாட்ஜுல பதினாறு வருசமா கட்டிலப் பொரட்டி விரிப்பு மாத்துதேன். இது பிளாஸ்டிக்கு. அது கெடக்கட்டும். அந்தக் கதவுக்கு என்ன?

— ஒண்ணுமில்லே.

— ஒண்ணுமில்லாத கதவுக்கா செவப்பு நூலும் எலுமிச்சம்பழமும்?

— அம்மா, சேச்சிகிட்ட சொல்லிடு. இன்னிக்கு ப்ரெசிடென்ட் ஆகப் போறவ, அவளுக்குத் தெரியாம இருந்தா மோசமல்லே?

— விஷ்ணுப்ரியா, நீ மைக்கைப் பாரு. பெத்தவளுக்கு அப்புறம் புத்தி சொல்லலாம்.

— மைக் ஓகே. சேச்சி, நான் சொல்றேன். அந்தக் கதவை யாரோ தட்டறா. ஓரோ மீட்டிங்லயும். மே மாசம் தொடங்கிச்சு, இதுவரைக்கும் அஞ்சு தடவை.

— யாரு தட்டுதா?

— அதான் யாருக்கும் தெரியலே. முதல் மீட்டிங்ல நைஜீரியாலேருந்து படிக்க வந்த பொண்ணு பேசினா. நிறம் பாத்து யாருமே வீடு வாடகைக்குத் தரலைன்னு சொல்லிண்டிருக்கா, அப்போ மூணு தட்டு. எல்லாரும் காத்துன்னு சொல்லிட்டா. அந்தப் பொண்ணு மாத்திரம் பேச்சை நிறுத்தி, யாரோ நிக்கறா, திறங்கோன்னு எழுந்து போனா. அம்மாதான் அவ கையைப் பிடிச்சு உக்கார வெச்சா.

— வந்த விருந்தாளியைக் கதவு திறக்க விடறதா? அதனால பிடிச்சேன்.

— அம்மா, சும்மா சொல்லாதே. உன் கை விறைச்சிருந்ததுன்னு அவளே பின்னாடி என்கிட்ட சொன்னா.

— கதவுக்கு அங்கிட்டு என்ன மாமி இருக்கு?

— ஒரு அறை. சும்மா பூட்டிக் கிடக்கு. அந்த அறைக்கு அந்தாண்ட இன்னொரு கதவு, அது சந்துப் பக்கம். சந்துல சாக்கடையைத் தவிர ஒண்ணும் கிடையாது. எங்க அப்பா கட்டின வீடாக்கும் இது. சங்கம் நடத்த இந்த ஹாலை மட்டும்தான் விட்டிருக்கேன், பின்னறையை இல்லே.

— அப்ப இந்த நூலு?

— ஜோஸ்யம் பாக்கற பணிக்கரை வரவழைச்சு ப்ரச்னம் வெச்சுப் பாத்தோம். அந்தக் காலத்துல சந்து கூட்ட வந்தவாள்ல யாரோ ஒருத்தி, ஆசைப்பட்டது கிடைக்காமப் போய்ச் சேர்ந்திருக்கா. அவ ஆத்மாதான் அலையறதுன்னு வந்தது. ஜபிச்ச நூல் கட்டினார். அவளுக்காக ஒரு விளக்கும் ஏத்தறோம். பாவம்னுதான்.

— பேயிலயும் எங்க ஆளுதான் கெடச்சாளா மாமி?

— நான் ஜாதி சொல்லலையே.

— சந்து கூட்டுனவன்னா வேற யாரு, ராணியா? உசிரோட இருந்தாலும் பின்வாசல், செத்தாலும் பின்வாசல். நல்லா இருக்கு நியாயம்.

— உன்னை நோகடிக்கணும்னு சொல்லலைடிம்மா. நீ கேட்டே, சொன்னேன்.

— சரி, அது எப்படித் தட்டும்?

— மூணு தட்டு. கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரு செருமல். அப்புறம் காலடி, திரும்பிப் போற மாதிரி.

— ஞாயித்துக்கிழமை நாலரை மணி வாக்குல.

— ஆமா. நோக்கெப்படித் தெரியும்?

— இந்த நாற்காலில கொஞ்சம் உக்காருதேன் மாமி. எனக்குச் சிரிக்கவா அழவான்னு தெரியல.

— சேச்சி, என்ன ஆச்சு? குடிக்க வெள்ளம் வேணுமா?

— வேண்டாம் மக்ளே. மாமி, நீங்க மே மாசம் லாட்ஜுக்கு நோட்டீஸ் குடுத்து விட்டேளே. எல்லாப் பெண்களும் வருக, எல்லார்க்கும் ஒரே வாசல்னு போட்டு. நான் லாட்ஜுல கூட வேலை பாக்குத எங்க பிள்ளையளுக்கு வாசிச்சுக் காட்டினேன். ஏழு பேரு வந்தோம். பிரிஸில்லா, ஓமனா, அனுஷா, எல்லாரும் குளிச்சு, தலைக்குப் பூ வெச்சு வந்தோம்.

— வந்தேளா? யாருமே வரலையே.

— வந்தோம் மாமி. உங்க தெரு முனை வரைக்கும் வந்தோம். முன்வாசல்ல எல்லாம் கோலம், செருப்பு வரிசை. யாரும் எங்களைத் தடுக்கல. ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல. ஆனா கால் தானாச் சந்துக்குள்ள திரும்பிட்டு. லாட்ஜு மேனேஜர் மொகத்துக்கு நேரா நின்னு சம்பளம் பேசுதவ நான். என் காலும்தான் திரும்புச்சு.

— சிவ சிவா.

— சந்துக் கதவ மூணு தடவ தட்டினேன். செருமிப் பாத்தேன். உள்ள மைக்குல ஒரு பொம்பள நிறத்துல ஒசத்தி தாழ்த்தி இல்லங்கா. நாங்க காதக் குடுத்துக் கேக்கோம். மறுபடி தட்டலாம்னு கைய ஓங்கினா, படார்னு பஜனைப் பாட்டப் போட்டுட்டாவ, காது கிழியுத மாதிரி.

— அது... நான்தான் போடச் சொன்னேன். எல்லாரும் பயந்துட்டா.

— பிரிஸில்லா என்ன சொன்னா தெரியுமா? ஏட்டி, உள்ள சமத்துவம் பேசுதாவ, தொந்தரவு பண்ணாதீங்கன்னா. எல்லாரும் சிரிச்சோம். பஸ்ஸுல ஏறினப்புறம் ஒருத்தியும் சிரிக்கல.

— என் மூஞ்சியை எங்கே கொண்டு வெச்சுப்பேன் மாடத்தி. எனக்கு நிஜமா வெக்கமா இருக்கு. முன்வாசல்ல நின்னு உங்களை வரவேற்க ஆள் போடணும்னு எனக்குத் தோணவே இல்லையே. நோட்டீஸ் அடிச்சா போறும்னு இருந்துட்டேன்.

— போட்டும் மாமி. போன வாரம் நீங்களே லாட்ஜுப் படியேறி வந்து கூப்பிட்டேள்லா, அதுக்குத்தான் வந்திருக்கேன். எங்க ஆளுவளையும் இன்னிக்கு முன்வாசல் வழியாத்தான் வரச் சொல்லியிருக்கேன்.

— அப்போ பேயும் இல்லே, பிசாசும் இல்லே. நம்ம சேச்சிமார்தான். அம்மா, நான் இந்த நூலை அறுக்கட்டா? பணிக்கர் நல்லா நம்மளை ஏமாத்தினார்.

— இரு மக்ளே, அவசரப்படாத. அஞ்சு தடவ தட்டுச்சுன்னுல்லா சொன்ன?

— அதே. மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர்.

— நாங்க வந்தது மேயும் ஜூனும்தான். அதுக்கப்புறம் எவளும் இந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்கல.

— சேச்சி, தமாஷ் பண்ணாதீங்கோ.

— இதுல என்ன தமாசு? ஜூலைல ஓமனா மகளுக்குக் கல்யாணம், நாங்க அம்புட்டுப் பேரும் நெய்யாற்றின்கரைல. மத்த மாசம் டூட்டி. ரிஜிஸ்தர்ல கையெழுத்து இருக்கு.

— வேற யாராவது தட்டியிருப்பா. பால்காரன், இல்லேன்னா சாக்கடை அடைப்பு எடுக்கறவன். விட்டுடுங்கோ. மணி மூணரை ஆறது, மாலையைத் தண்ணி தெளிச்சு வெக்கணும்.

— அம்மா, ரெக்கார்டிங் இருக்கே. எல்லா மீட்டிங்கும் என் ஃபோன்ல இருக்கு. போட்டுப் பாத்தா ஆச்சு.

— வேண்டாம்.

— போடு மக்ளே, கேப்போம்.

— இது மே மாசம். கேக்கறதா? டொக், டொக், டொக். தூரத்துல.

— ஆமா, நான்தான் அது. இது என் செருமல். பொடவைய இழுத்துச் சொருகிட்டு நடக்குத சத்தம் எனக்கே தெரியுது.

— இது ஜூலை. இருங்கோ, வால்யூம் நான் கூட்டவே இல்லே.

— இன்னொரு தடவ போடு.

— இது கிட்டக்க இருக்கு சேச்சி. முதல்ல கேட்டது சந்துக் கதவு. இது... இது இந்தக் கதவு. ஹால் கதவு.

— சந்துக் கதவு பூட்டித்தானே மாமி இருக்கு?

— வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கு.

— அப்ப இதத் தட்டினவ அந்த ரூமுக்குள்ளல்லா நிக்கணும்.

— ஆகஸ்ட் போடறேன். இதுலயும் கிட்டத்தான். அம்மா, நீ ஏன் காதைப் பொத்திக்கறே?

— செருமலக் காணோம், கவனிச்சியா மக்ளே? காலடியும் இல்ல. நாங்க தட்டிட்டுத் திரும்பிப் போனோம். இவ தட்டிட்டு எங்கயும் போகல. அங்கேயே நிக்கா.

— சேச்சி, நாம முன்வாசலுக்குப் போகலாம்.

— மாமி, உங்கட்ட ஒண்ணு கேக்கணும். போன வாரம் நீங்க லாட்ஜுக்கு வந்தப்பவே கேக்கணும்னு இருந்தேன். உங்க ஸ்ரீவராகத்துல இந்தச் சந்து கூட்டினது எங்க அம்மை, பேச்சி. உங்களுக்கு ஞாபகம் இருக்கா?

— எத்தனையோ பேர் கூட்டினா. ஞாபகம் இல்லே.

— எங்க அம்மைக்கு உங்க வீடு ஞாபகம் இருந்தது. கெழக்கேருந்து மூணாம் வீடு, ஒரு மொட்டத் தலை மாமி சந்துக் கதவத் திறந்து வெச்சுக்கிட்டு இவளுக்காகக் காத்துக்கிட்டு இருப்பாவளாம். அம்மை மடியில வெத்தல இருக்கும். அதுல ஒண்ணு வாங்கி, சுண்ணாம்பு தடவி, ரெண்டு பேருமா மென்னுக்கிட்டு ஊர்க்கத பேசுவாவளாம். அந்த மாமிக்கும் பூர்வீகம் திருநெவேலிதான், எங்களுக்கும் அந்தப் பக்கம்தான்.

— நிறுத்து மாடத்தி.

— எந்த மாமி அம்மா? மொட்டைன்னா, ஆவுடை அத்தையா? டைஃபாய்டுல போனான்னு சொல்லுவியே, ஒரு ஃபோட்டோகூட இல்லாத அத்தை?

— ஆமாடி. எங்க அப்பாவோட அக்கா. பதினெட்டு வயசுல தாலி அறுத்தவ, வெத்தலை தொடப்படாதவ.

— மீதியையும் நான் சொல்லிருதேன் மாமி. ஒரு நாள் உங்க அப்பா, பெரியவரு, வந்துட்டாராம். மாமி வாய் செவசெவன்னு இருந்திருக்கு. யாரு குடுத்ததுன்னு கேக்கவே இல்லியாம், சந்துல நின்ன எங்க அம்மைய ஒரு பார்வ பாத்தாராம், அம்புட்டுத்தான். மறுநா அம்மை வந்து பாத்தா, சந்துக் கதவுக்கு வெளிப்பக்கமாப் புதுசா ஒரு தாழ். உள்ளேருந்து மூணு தட்டு. பேச்சி, தாழை இழுடின்னு ஒரு கொரல்.

— போறும்.

— அம்மை கைய வெச்சுட்டாளாம் மாமி. இரும்பு சுட்ட மாதிரி எடுத்துட்டாளாம். அந்த வீட்டுக் கதவ அவ தொட்டான்னு தெரிஞ்சா வேலை போவும், அதோட விடுவாவளா? வெத்தலயப் படியில வெச்சுட்டு வந்துட்டா. மூணு நா அப்படி வெச்சுட்டு வந்தா. நாலாம் நா தட்டுச் சத்தம் இல்ல. அதுக்கப்புறம் சாவுத வரைக்கும் எங்க அம்மை வெத்தல போடல. ஒரு விரல் வேலட்டி, ஒரு விரல் வேலன்னு கடைசில பொலம்பிக்கிட்டே கெடந்தா.

— நீ நெனைக்கற மாதிரி யாரும் கொல்லலை. ஏற்கெனவே ஜுரம் இருந்தது அவளுக்கு. ரெண்டு நாள் உள்ளே இருந்தா புத்தி வரும்னு அப்பா ரெண்டு கதவையும் பூட்டினார். எனக்குப் பத்து வயசு. அத்தை இந்தக் கதவைத்தான் தட்டுவா. சீதா, சீதா லக்ஷ்மின்னு கூப்பிடுவா. அம்மா ரேடியோவை சத்தமா வெச்சுடுவா.

— பஜனைப் பாட்டு மாதிரி.

— ஆமா, அது மாதிரித்தான். நீ என்னை என்ன வேணா சொல்லிக்கோ. சாவி அப்பா இடுப்புல இருந்தது. பத்து வயசுக் குழந்தை நான் என்ன பண்ண முடியும்?

— அம்மா, அப்போ பணிக்கர் வந்தப்போ சந்து கூட்டறவளாக்கும்னு முதல்ல சொன்னது நீதானே? நான் கூட நின்னேன். அவர் ஆரோ ஒரு ஸ்த்ரீன்னு மாத்திரம்தான் சொன்னார். நீதான் எடுத்துக் கொடுத்தே.

— வேற என்ன சொல்லச் சொல்றே? ஊர் பொம்மனாட்டிகள் அத்தனை பேரும் உக்காந்திருக்கா. சமத்துவம் பேசற சீதாலக்ஷ்மி ஆத்துல, அத்தையைப் பூட்டி வெச்சுக் கொன்னான்னு நான் வாயால சொல்லணுமா?

— அதனால எங்க தலையில ஏத்தி விட்டுட்டேள்.

— மாடத்தி...

— உங்க வீட்டுப் பாவத்த எங்க ஆத்தா ஒருத்தி பேருல எழுதி வெச்சு, அவளுக்கு வெளக்கும் ஏத்தி, எனக்கு மாலையும் போடப் பாக்கேள். பாவம்னுதான்னு சொன்னேளே, அதத்தான் என்னால தாங்க முடியல.

— தப்புதான். கால்ல விழச் சொன்னாலும் விழறேன். இன்னிக்கு நீ இல்லேன்னா இந்தச் சங்கம் இல்லே மாடத்தி. அஞ்சு மாசமா ஒரே தெருக்காராளே உக்காந்து ஒருத்தருக்கொருத்தர் கை தட்டிண்டிருக்கோம். இந்தப் பொண்ணுதான் என்னைக் கேட்டா, அம்மா, ஐக்கியம் ஐக்கியம்னு பேசறியே, யாரோடன்னு.

— காலெல்லாம் வேண்டாம். நான் சொல்லுதத மட்டும் செய்யுங்க. எங்க பிள்ளைய இப்ப வந்துருவாளுவ. அவளுவளக் கூட்டிக்கிட்டு நான் சந்துக்குப் போறேன். எங்க அம்மை இழுக்காத தாழ நான் இழுக்கேன். இந்தப் பக்கத்துக் கதவ நீங்க திறக்கணும். ரெண்டும் திறந்தா அந்த வழியா உள்ள வந்து நாற்காலில உக்காருதேன். திறக்கலன்னா மாலைய நீங்களே போட்டுக்கிடுங்க.

— முன்வாசல் வழியாத்தானே நீ வரணும்? அதுக்குத்தானே இத்தனை பாடு?

— முன்வாசல்ல நாங்க நாளைக்கும் வருவோம், மறுநாளும் வருவோம். இன்னிக்கு எங்க தட்டினமோ அங்க திறக்கணும்.

— சாவி இல்லேடி. அப்பா போனப்போ அதுவும் எங்கேயோ போயிடுத்து.

— அப்ப ஒடைங்க. நான் வாறேன்.

— சேச்சி, நில்லுங்கோ, நானும் வரேன். அம்மாவைத் தனியா விட முடியாது, ஐயோ, சேச்சி...

— போயிட்டா.

— அம்மா, அவ சொன்னது நியாயம்தானே?

— நியாயம்தான். நியாயத்தைப் பேசறதுக்குத்தானே மாசாமாசம் ஆள் கூப்பிட்டேன்.

— கேசவ் அங்கிள் ஆத்துல கோடாலி இருக்கு. வாங்கிண்டு வரட்டா?

— வேண்டாம். கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காரு.

— அம்மா, ஃபோன் அடிக்கறது, சேச்சிதான். ஸ்பீக்கர்ல போடறேன். சொல்லுங்கோ சேச்சி.

— மக்ளே, நாங்க சந்துல நிக்கோம், ஏழு பேரும். தாழு துருப்பிடிச்சுக் கெடக்கு. பிரிஸில்லா பையில தேங்காயெண்ண இருந்தது, விட்டிருக்கோம். மாமி என்ன செய்யுதாவ?

— கதவையே பாத்துண்டு உக்காந்திருக்கா.

— பயப்படாண்டாம்னு சொல்லு. நாங்க இங்கதான் இருக்கோம்.

— சேச்சி, ப்ளீஸ், தட்ட வேண்டாம். சத்தம் கேட்டா அம்மா காதைப் பொத்திக்கறா.

— என்னது?

— இப்போ தட்டினேளே, மூணு தடவை. தாழ் திறந்துடுத்தா? ரூமுக்குள்ளே வந்தாச்சா?

— இல்ல மக்ளே. தாழு அசையவே இல்ல. நாங்க ஏழு பேரும் வெளியதான் நிக்கோம்.

— சேச்சி, மறுபடியும் தட்டறது. கதவு அதிர்றது. அம்மா, எழுந்திரு, வெளில போகலாம். அம்மா, அங்கே போகாதே. கைப்பையிலேருந்து என்ன எடுக்கறே? இல்லைன்னு சொன்னியே, அந்தச் சாவி ஏது உனக்கு?

— நகர்ந்துக்கோ குழந்தே. இதோ வந்துட்டேன் அத்தை. அப்பா இடுப்புல இல்லே, அன்னிக்கும் சாவி என்கிட்டேதான் இருந்தது.